மண்வாசனையும் நன்னீர்க் கிணறும்

1950 களின் பிற்பகுதியிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் ஈழத்து இலக்கிய உலகிலே ‘மண்வாசனை’ என்னும் சொல் பெற்றிருந்த செல்வாக்கை மூத்த வாசகர்கள் அறிவர். 1954 இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தேசிய இலக்கியக் கோரிக்கையை முன்வைத்தபோது, இந்த நாட்டின் மண்ணிலும் மக்களிலும் வேரூன்றிய எழுத்து வேண்டுமென்பதே அதன் உட்கிடை. ஆயின் காலப்போக்கில் அக்கோரிக்கை சிலர் கையில் எளிதான சூத்திரமாகச் சுருங்கிற்று. ஒரு பனைமரம், ஒரு கிடுகு வேலி, பேச்சு வழக்கிலே நாலு சொல், இவை இருந்தால் மண்வாசனை வந்துவிட்டது என்று எண்ணினர். அந்தப் பனையில் ஏறியவன் யார், அந்த வேலிக்கு அப்பால் நிறுத்தப்பட்டவன் யார் என்ற கேள்விகள் கதைக்குள் வரவேயில்லை.

இப்பழைய விவாதத்தை இங்கு நினைவுகூரக் காரணமுண்டு. இன்று ‘சுதேசத் தாவரம்’, ‘நீர்ச்சிக்கனம்’ என்னும் சொற்கள் அவ்விதமே வலம் வருகின்றன. வீட்டு முற்றத்திலும் வீதியோரத்திலும் எதை நடுவது, எதைக் களைவது, மழைநீரை எங்கே சேர்ப்பது என்று விதி வகுக்கும் ஆர்வம் உலகெங்கும் பெருகியிருக்கிறது. இவ்வார்வம் நியாயமானது, தேவையானதுங்கூட. எனினும் விதியும் ஒரு பிரதியே. ஒரு நாவலை வாசிப்பது போல அதையும் வாசிக்கலாம்: அது யாரைப் பற்றிப் பேசுகிறது, யாரைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று கேட்கலாம். அவ்வாறு கேட்பதற்கு அல்லைப்பிட்டியைவிடப் பொருத்தமான ஊர் எமக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலைத் தாண்டி மண்டைதீவுச் சந்தியைக் கடந்து செல்பவர் வேலணைத் தீவிலே முதலில் மிதிப்பது அல்லைப்பிட்டி மண்ணை. ‘பிட்டி’ என்பது மேடு. ஊரின் பெயரிலேயே அதன் நீரியல் அடங்கிக் கிடக்கிறது. தீவகத்தில் ஆறில்லை, மலையில்லை. ஆண்டு முழுவதற்குமாக ஏறத்தாழ 1200 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வாடைக்காற்று மழை. அம்மழை மணலினூடாக இறங்கி, கீழே ஊடுருவி நிற்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. உவர்நீர் பாரமானது, நன்னீர் இலேசானது. இதன் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டுக் கைபெனும், 1901 இல் ஜேர்மானியரான ஹேர்ட்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டனர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு அது இறங்கி நிற்கும் என்பது அக்கணக்கு. மறுபுறத்தையும் சொல்லவேண்டும்: மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து நாற்பது அடி உவர் ஏறத் தொடங்கும். வங்கியிலே ஒரு ரூபாய் எடுத்தவனுக்கு நாற்பது ரூபாய் கடன் எழுதும் வட்டிக்காரனைப் போன்றது இந்த நிலத்தடி.

ஆகவே அல்லைப்பிட்டியில் மணல் என்பது வெறும் மணலன்று. அதுவே குளம், அதுவே தாங்கி. அம்மணலை இறுகப் பிடித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தாழையுமே. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று எமது பெற்றார் சொன்ன பழமொழி மக்கள் ஒற்றுமைக்கு உவமையாயிற்று. நீரியல் நிபுணன் அதை உவமையாக அன்றி நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்வான். கொடி திரண்டு நின்றால் பிட்டி நிற்கும். பிட்டி நின்றால் நீர் நிற்கும். இவ்வூர்க் கரைக்குப் பழைய வரலாறும் உண்டு. 1977 இல் ஜோன் கார்ஸ்வெல் இங்கு நடத்திய அகழ்வாய்வில் சீனத்துச் சொங் வமிசக் காலத்து மட்கல ஓடுகள் ஏராளமாக வெளிப்பட்டன. ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கடல் வாணிகத்தின் சான்று அவை. பின்னர் 2018 இல் ஷங்ஹாய் நூதனசாலையினரும் வந்து தோண்டினர். பீங்கானைத் தேடி வந்தவர்கள் மணலை மீண்டும் மூடிவிட்டுச் சென்றனர். கட்டடத் தேவைக்காகத் தீவகத்தின் மணலைத் தேடி வரும் லொறிகள் அவ்வாறு மூடிவிட்டுச் செல்வதில்லை.

சுதேசத் தாவரமும் நீர்ச்சிக்கனமும் இங்கு நேற்று முளைத்த சிந்தனைகள் அல்ல. பழைய யாழ்ப்பாணத்து வளவை நோக்குமிடத்து, ஒவ்வொரு செடியும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்ததைக் காணலாம். கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களை நட்டு உயிர்வேலி அமைத்தனர். அவ்வேலி ஆட்டையும் மாட்டையும் தடுத்தது, காற்றை மறித்தது. வெட்டிய குழை தோட்டத்திலே தாழ்க்கப்பட்டு எருவாயிற்று. எரு சேர்ந்த மண் ஈரத்தை நெடுநாள் காத்தது. பனையோலை வேலியாயிற்று, கூரையாயிற்று, பட்டையாகித் தண்ணீரையும் அள்ளிற்று. ஒருவர் துலாவின்மேல் நடக்க, ஒருவர் பட்டையைப் பிடிக்க, இன்னொருவர் வாய்க்காலைக் கட்ட, இறைப்பு நடந்தது. மனிதத் தசை களைக்கும் வேகத்திற்கு மேல் கிணறு வற்றமாட்டாது. எந்த எழுத்து விதியும் இல்லாமலே நீரின் அளவை உழைப்பின் அளவு கட்டுப்படுத்திற்று. பொதுக்கிணறுகளில் பங்கும் இறைப்பு முறையும் வழிவாய்க்காலும் உறுதிகளிலே எழுதப்பட்டன.

எழுத்திலும் சில உண்டு. 1707 இல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்வையிட்டு ஒப்புக்கொண்ட தேசவழமையில், ஒருவர் நிலத்தில் இன்னொருவர் மரம் நட்டால் பயனை எவ்வாறு பங்கிடுவது என்ற ஒழுங்கு கூறப்பட்டிருக்கிறது. நட்டவனுக்கும் பங்குண்டு, நிலக்காரனுக்கும் பங்குண்டு. கன்றைக் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். நிலத்தின் உரிமையிலிருந்து மரத்தின் பயனைப் பிரித்து, நட்டு வளர்த்த உழைப்புக்கு இடமளித்த இவ்வொழுங்கு வியக்கத்தக்கது. இன்றைய விதிகள் பலவற்றில் இந்த நுட்பம் இல்லை.

இந்த இடத்திலே நின்று கைதட்டிவிட்டுப் போகிறவர்கள்தாம் பழமைவாதிகள். அவர்கள் கவனியாத பக்கமொன்று அதே தேசவழமையில் உண்டு. அடிமைகளைப் பற்றிய பிரிவு அது. அதிலே பெயர் சொல்லப்பட்ட சாதிகளுள் பனை ஏறுவதைத் தொழிலாகக் கொண்ட மக்களும் அடங்குவர். பனையின் பங்கை இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்ட அதே கை, பனை ஏறியவனை உடைமையாகப் பதிந்து வைத்தது. இலங்கையில் அடிமை முறை 1844 இல் சட்டப்படி ஒழிந்தது. கிணற்றுக்கட்டில் அது ஒழிய மேலும் ஒரு நூற்றாண்டு போதவில்லை. துலாவும் பட்டையும் நீரைக் காத்தன என்று சற்று முன் எழுதினோம். அந்தப் பட்டையைத் தொட அனுமதியில்லாதவர்கள், யாராவது இரங்கி அள்ளி ஊற்றும்வரை கிணற்றடிக்கு எட்ட வெயிலில் குடத்துடன் காத்து நின்றார்கள் என்பதையும் அதே வரியில் எழுதியிருக்க வேண்டும். நீர்ச்சிக்கனம் என்று நாம் இன்று புகழ்வதில் ஒரு பகுதி, குடிக்க விடாமல் மிச்சம் பிடித்த நீர்.

இதனைக் கலையாக்கிய நாவல் கே. டானியலின் ‘தண்ணீர்’. 1986 இல் டானியல் மறைந்ததன் பின்னர் நூலாக வெளிவந்த அந்நாவல், யாழ்ப்பாணத்துப் பஞ்சமர் நன்னீருக்காகப் பட்ட பாட்டைப் பொருளாகக் கொண்டது. டானியலின் நாவல்களில் உருவ அமைதி இல்லை, பாத்திரங்கள் கூட்டமாய் வந்து போகின்றன என்று கூறும் விமர்சகர்கள் உளர். அக்குறைபாடுகளை முற்றாக மறுப்பதற்கில்லை. ஆயினும் யாழ்ப்பாணத்து நிலக்காட்சியை அழகுக்காக வருணியாமல், அதை உடைமை உறவாக வாசிக்கத் தமிழ் வாசகனுக்குக் கற்பித்தவர்களுள் அவர் முதல்வரிசையில் நிற்பவர். அவர் உலகிலே கிணறு என்பது கிராமத்துச் சித்திரத்தின் ஓர் அங்கமன்று. அது ஒரு சட்டவாக்க மன்றம். கார்த்திகேசு சிவத்தம்பி 1974 இல் எழுதிய திணை பற்றிய ஆய்வில், குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் முதலியவற்றை வெறும் பூக்களின் பெயராகக் கொள்ளாது, சமச்சீரற்று வளர்ந்த பொருளாதார வாழ்க்கை வடிவங்களின் பெயராகக் காட்டினார். சுதேசத் தாவரம் பற்றிப் பேசுவோர் அக்கட்டுரையிலிருந்து தொடங்குதல் நன்று. தாவரத்தின் பெயரால் நிலத்தை அழைத்த ஒரு மொழி, அந்நிலத்தில் உழைத்தவர்களையும் சேர்த்தே அழைத்தது.

தீவகத்திற்கே உரிய சான்று வேறொன்று. அதை எழுதும்போது முற்போக்காளராகிய நாம் சற்றுத் தலைகுனிய வேண்டியுமிருக்கிறது. புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம், ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ என்ற தொடரிலும் பிற கட்டுரைகளிலும் முற்போக்கு எழுத்தாளரைக் கடுமையாகத் தாக்கியவர். நாமும் அவரை ஆத்மார்த்தக் கருத்துமுதல்வாதி என்று வாட்டினோம். அவருடைய தத்துவத்தை இன்றும் ஏற்பதற்கில்லை. ஆனால் 1971 இல் புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயிலின் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்து, பொலிஸாரிடம் அடிபட்டவர் அவரே. 1973 இல், முப்பத்தெட்டாம் வயதில், அவர் மறைந்தார். 1966 ஒக்டோபர் எழுச்சியும், அதையடுத்து வந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் எமது இயக்கத்தின் பெருமைகள். தீவின் கிணற்றடியில் அப்பெருமை எமக்கு முழுதாக உரியதன்று. கொள்கைச் சண்டையில் எதிரணியில் நின்றவர் கிணற்றுக்கட்டிலே எம் பக்கத்தில் நின்றார். ஒருவேளை எமக்கு முன்னால் நின்றார்.

இவ்வரலாற்றுடன் அரசாங்கத்தின் எழுத்து விதிகளைப் படித்தால் அவற்றின் மௌனங்கள் உரத்துக் கேட்கும். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா ஆகியவற்றுடன் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிக்கலாகாது என்று வைத்தது. நல்ல சட்டம். ஆனால் உள்நாட்டுப் போரின் ஆண்டுகளிலே காவலரணுக்கும் பதுங்குகுழிக்குமாகப் பனைகள் தோப்புத் தோப்பாக வீழ்ந்தபோது எவரும் எவரிடமும் அனுமதிப் பத்திரம் கேட்கவில்லை. 1990 இலும் 2006 இலும் குண்டுக்கும் கொலைக்கும் அஞ்சி ஊரைவிட்டு ஓடிய அல்லைப்பிட்டி மக்கள் திரும்பி வந்தபோது, வடலி வெட்டியதற்காக விதி தேடி வந்தால் அது முதலில் அவர்களுடைய கொட்டிலுக்கே வரும்.

2005 இல் தேசிய மழைநீர்க் கொள்கை வெளியாயிற்று. 2007 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் திருத்தப்பட்டு, மழைநீர் சேகரிப்பைக் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கும் வழி செய்யப்பட்டது. நோக்கத்தில் குறையில்லை. கணக்குப் பார்ப்போம். நூறு சதுர மீற்றர் கூரையுள்ள வீட்டின்மேல் ஆண்டுக்கு 1,20,000 லீற்றர் மழை விழும். ஐந்திலொன்று வீணானாலும் 96,000 லீற்றர் கைக்கு வரும். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர் எடுத்தால் ஆண்டுக்கு வேண்டியது 36,500 லீற்றர் மட்டுமே. கேட்க இனிமையான கணக்கு. ஆனால் மழை மூன்று மாதம், வெயில் எட்டு மாதம். எட்டு மாதத்திற்குச் சேமிக்க 24,000 லீற்றர்த் தாங்கி வேண்டும். தாங்கிக்குச் சீமெந்து வேண்டும். சீமெந்துக்குக் காசு வேண்டும். இருபது சதுர மீற்றர்க் கொட்டிலில் வாழும் கடற்றொழிலாளிக்கு அதே கணக்கு 19,200 லீற்றரே தருகிறது. ஓலைக்கூரையானால் அதுவும் கலங்கல். கூரையை அளவாக வைத்த விதி, கூரையுள்ளவனுக்கே நீரை வழங்குகிறது. அது மட்டுமன்று, அக்கொள்கை முதலில் நோக்கியது மாநகர, நகர சபை எல்லைகளையே. பிரதேச சபை எல்லைக்குள் கிடக்கும் மணல் தீவொன்று, தாகம் அதிகமிருந்தும், வரிசையிற் பின்னுக்கு நிற்கிறது.

கடலுக்கு அப்பால் தமிழகம் தரும் பாடமும் இதுவே. 2003 இல் அங்கே எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. தவறினால் குடிநீர் இணைப்புத் துண்டிக்கப்படும் என்ற அளவுக்கு விதி கடுமையாயிருந்தது. கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது உண்மை. ஆனால் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடங்கள் வரிசையில் நின்றன. விதி பேணப்பட்ட இடமும் உண்டு. ஒரு குழாயை மண்ணுக்குள் செருகிப் படம் பிடித்ததோடு முடிந்த இடமும் உண்டு. இன்னொன்று: எமது தீவுகளுக்கு நேரெதிரே கிடக்கும் இராமநாதபுரம் மாவட்டத்திலே சீமைக்கருவேலம் நிலத்தடி நீரை உறிஞ்சும் அந்நியச் செடியெனப் பழி சுமந்து, 2017 இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவால் வேரோடு பிடுங்கப்பட்டது, அவ்வாண்டிலேயே இடைக்காலத் தடையும் வந்தது. செடி கெடுதியானதுதான். ஆனால் அதைக் கரியாக்கி வயிறு வளர்த்த கூலி மக்களுக்கு அதற்கு மாற்றாக எந்தச் சுதேச மரத்தில் வேலை என்று எந்த உத்தரவும் கூறவில்லை.

‘சுதேசம்’ என்ற சொல்லையும் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். நெடுந்தீவின் பெருமையாகக் காட்டப்படும் பெருக்கமரம் ஆபிரிக்காவிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தானைச் செல்வனாக்கிய புகையிலை அமெரிக்காவிலிருந்து வந்தது. அவன் கறிக்கு உயிரான மிளகாயும் அவ்வழியே. வேலிக்கதியாலாகப் பழகிவிட்ட சீமைக்கிளுவை பெயரிலேயே தன் ஊரை ஒப்புக்கொள்கிறது. எந்தச் செடி எந்த நாட்டது என்ற சாதகம் பார்ப்பது எமது வேலையன்று. சாதகம் பார்க்கும் பழக்கம் எங்களை எங்கே கொண்டு சென்றதென்று கிணற்றடியிலே கண்டோம். ஒரு செடி எவ்வளவு நீர் குடிக்கிறது, மணலைப் பிடிக்கிறதா, குழை தருகிறதா, அதை வளர்ப்பவருக்குப் பயன் என்ன என்பவையே கேட்கவேண்டிய கேள்விகள்.

இன்று அல்லைப்பிட்டி உட்படத் தீவகமெங்கும் புலம்பெயர்ந்தோர் பணத்தில் புதிய வீடுகள் எழுகின்றன. துன்பப்பட்டு உழைத்த பணம், அதைப் பழிக்கமாட்டோம். ஆனால் சில வளவுகளிலே கதியால் வேலியின் இடத்தில் மதில் வந்துவிட்டது. முற்றம் முழுவதும் கல் பதித்தாயிற்று. ஓரத்திலே ஒரு புற்றரை. அதற்கு ஒரு குழாய்க்கிணறு, ஒரு மோட்டர். துலாவுக்கு இருந்த களைப்பு மோட்டருக்கு இல்லை. மாரி மழை கல்லில் விழுந்து வீதிக்கு ஓடுகிறது. கோடையில் மோட்டர் இறைக்க உவர் ஏறுகிறது. ஏறும் உவர் மதிலைக் கண்டு நிற்பதில்லை. புற்றரைக்காரனின் கிணறு கெடுமுன்னர், அடுத்த வளவில் ஆழமில்லாத துரவை நம்பி நிற்கும் விதவையின் நீர் கெடும். அவன் போத்தல் நீர் வாங்குவான். அவள் பவுசருக்குக் காத்திருப்பாள். கிணற்றுக்கட்டில் நின்ற பழைய வரிசை இப்போது பவுசரின் பின்னால் நிற்கிறது.

அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2021 இல் இயற்றிய சட்டமொன்று இவ்விடத்தில் கவனத்துக்குரியது. 2027 முதல் கொலராடோ ஆற்று நீரைப் பயனற்ற புற்றரைக்கு ஊற்றலாகாது என்று அது விதித்தது. முதலாளித்துவ நாட்டின் சட்டந்தான். ஆயினும் அது தனிவீட்டு முற்றத்தைத் தொடாது, அலுவலக வளாகங்களிலும் வீதி நடுவிலும் எவரும் கால் வைக்காத அலங்காரப் புல்லிலிருந்து தொடங்கிற்று. பெரிய வாயிலிருந்து தொடங்குவது என்ற நியாயம் அதில் உண்டு.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி உபவிதி இயற்றும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு இருக்கிறது. தீவகத்துக்கு ஓர் உபவிதி எழுதப்படுமாயின் அது பூச்செடிப் பட்டியலோடு தொடங்குமா, மோட்டரோடும் மணல் லொறியோடும் தொடங்குமா என்பதிலேயே அதன் வர்க்கக் குணம் தெரிந்துவிடும். எங்கள் அபிப்பிராயத்தில் பிட்டி மணல் முதலில் வரவேண்டும். அடுத்து, எவ்வளவு இறைக்கலாம் என்ற எல்லை. அதற்கடுத்து, வசதியுள்ளவன் கல் பதிக்கும் முற்றத்தில் எவ்வளவு மண் திறந்திருக்க வேண்டும் என்பது. வறியவனின் தாங்கிக்குச் சபையே சீமெந்து தரட்டும். நன்னீர்க் கிணறு எவருடைய உறுதியில் இருந்தாலும் குடிநீருக்கு எவரையும் மறிக்கலாகாது என்ற வரி இவற்றுக்கெல்லாம் மேலே நிற்கவேண்டும். 1957 ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதித்தடையைக் குற்றமாக்கியிருந்தும், தனியார் வளவின் கிணற்றடியில் அது தயங்கியே நின்றதை மறக்கலாகாது. அடம்பனும் பூவரசும் பனையும் இவற்றின் பின்னே தாமாக வரும்.

2024 ஓகஸ்டில் தாளையடியிலே நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் வந்தால் கிணற்றின் கவலை தீர்ந்தது என்று பேசுவோர் இருக்கிறார்கள். மின்சாரத்தால் பிழிந்தெடுத்த அந்த நீரைக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். கட்ட முடியாதவன் பழைய கிணற்றுக்கே திரும்புவான். அப்போது அதில் என்ன நீர் இருக்கும் என்பதே கேள்வி.

தீவகப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தை மாதத்தில் உங்கள் ஊர்த் துரவிலே நீர் எத்தனை முழத்தில் நிற்கிறது, ஆவணியில் எத்தனை முழத்துக்கு இறங்குகிறது, எந்த மாதத்தில் நாக்குக்கு உவர் தெரிகிறது, அந்த மாதத்தில் யார் யார் எந்தக் கிணற்றுக்குப் போகிறார்கள், யார் போகாமல் நிற்கிறார்கள் என்பவற்றை மாணவரைக் கொண்டு எழுதிவையுங்கள். ஒரு கயிறும் ஒரு கொப்பியும் போதும். உபவிதி பற்றிப் பேசச் சபைக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கையோடு கொண்டு போகலாம்.